கிணற்றடியில் கற்கும் ஆங்கிலம்



ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்து சந்தைப் பக்கமாக வருகிறவர்கள், மின்கம்பங்களிலும் மதில்களிலும் ஒட்டியிருக்கும் துண்டுப் பிரசுரங்களைக் கண்டிருப்பீர்கள். மூன்று மாதத்தில் ஆங்கிலம், அறுபது நாளில் ஆங்கிலம் என்றெல்லாம் அவை கூறுகின்றன. எமது குடும்பங்களும் நெல் விற்ற காசில் ஒரு பங்கை எடுத்துப் பிள்ளைகளை அந்த வகுப்புகளுக்கு அனுப்புகின்றன. பிள்ளை மூன்று மாதத்தின் பின் வீட்டுக்கு வந்து, 'ஹவ் ஆர் யூ' என்று கேட்டால் 'ஐ ஆம் பைன், தாங்க் யூ' என்று சொல்லவேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் இந்த உரையாடலை அது யாருடன் நடத்தப் போகிறது? வட்டைக்குள் யாரும் அப்படிக் கேட்பதில்லை. கமநல சேவை நிலையத்திலும் கேட்பதில்லை. ஆறு மாதம் போனதும் படித்தது மறந்துவிடுகிறது. 'எங்கட புள்ளைக்கு மண்டையில ஏறல்ல' என்று பெற்றோர் பிள்ளையையே நோகின்றனர்.

பிள்ளையின் மண்டையில் குறை இல்லை என்பது எமது எண்ணம். ஆங்கிலத்தை எந்தப் பொருளில் ஏற்றிக் கொடுக்கிறோம் என்பதிலேதான் குறை இருக்கிறது. எமது பிள்ளைகளின் கைக்கு நன்றாகத் தெரிந்த பொருட்கள் உண்டு. வாளி, கயிறு, கப்பி, துலா, அலவாங்கு, துவிச்சக்கர வண்டி, தோணி, நீர்ப்பம்பி என்பன அவை. இவற்றைப் பற்றிய பாடத்துக்குப் பாடசாலையில் பௌதிகவியல் என்று பெயர். இந்தப் பௌதிகவியலின் முதற் பாடங்களையே ஆங்கில வகுப்பின் பாடப்புத்தகமாக வைத்துக்கொள்ளலாம் என்பதையே இங்கு சொல்ல வருகிறோம்.

ஏன் இந்த எண்ணம் வந்தது என்பதற்கு நாம் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். ஓட்டமாவடிக்கு மேற்கே, மீள்குடியேறிய மேட்டுநிலக் கிராமம் ஒன்றில் ஒரு குடும்பம் மண்ணெண்ணெயில் ஓடும் நீர்ப்பம்பி ஒன்றை வாங்கியது. மிளகாயும் கத்தரியும் நட்டிருந்தார்கள். மாரி முடிந்த கையோடு பம்பி நன்றாக இறைத்தது. கோடை முற்றியதும் இயந்திரம் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. திருத்துமிடத்துக்கு இரண்டு தடவை கொண்டுபோய்க் காசு கொடுத்தார்கள். அங்கே அது நன்றாக இறைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் இல்லை. மூன்றாம் தடவை கொண்டுபோக ஆயத்தமானபோது, தரம் பத்தில் படிக்கும் மகள் பம்பியில் ஆணியடித்திருந்த தகட்டைத் துடைத்து வாசித்தாள்.

"வாப்பா, இதில 'சக்ஷன் லிப்ட்' எட்டு மீற்றர் எண்டு போட்டிருக்கு. நம்மட கிணத்தில தண்ணி அதுக்குக் கீழ போயிட்டு."

கயிறு விட்டு அளந்து பார்த்தார்கள். ஒன்பது மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. இயந்திரத்தில் பழுது எதுவும் இருக்கவில்லை.

'சக்ஷன்' என்றால் உறிஞ்சுதல் என்று அகராதி சொல்லும். இந்தச் சொல்லே கொஞ்சம் ஏமாற்றுகிற சொல். பம்பி தண்ணீரைப் பிடித்து மேலே இழுப்பதில்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றை அது வெளியேற்றுகிறது. அப்போது கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்றுத்தான் நீரைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. காற்றின் அமுக்கம் எவ்வளவு உயரத்துக்குத் தள்ளுமோ அவ்வளவுதான் நீர் ஏறும். அது ஏறத்தாழ பத்து மீற்றர். எவ்வளவு பெரிய இயந்திரத்தை மேட்டில் வைத்தாலும் இந்த எல்லையைத் தாண்டமுடியாது. குழாய் ஒழுக்கு, உராய்வு முதலியவற்றைக் கழித்தால் நடைமுறையில் ஏழு எட்டு மீற்றர்தான் கிடைக்கும். இத்தாலியில் கிணறு தோண்டியவர்களும் நீரூற்று அமைத்தவர்களும் இதே சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். காற்றுக்கு நிறையும் அமுக்கமும் உண்டு என்று இரசக் குழாய் வைத்து ரொறிசெல்லி 1643இல் காட்டிய பின்னர்தான் காரணம் விளங்கியது. எமது கிராமத்துக் குடும்பம் இரண்டு தடவை திருத்துக்கூலி கொடுத்த பின்னர் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. 'அப்படியெண்டா பம்பியைக் கிணத்துக்குள்ள ரெண்டு மீற்றர் இறக்கி வைப்பம்' என்று அண்ணன் சொன்னான். கணக்குப்படி அது சரி. ஆனால் கையேட்டில் அடுத்த பக்கத்திலேயே 'டூ நொட்' என்று தொடங்கும் வரிகள் இருந்தன. மூடிய இடத்தில் இந்த இயந்திரத்தை ஓட்டாதே என்பது அவற்றில் ஒன்று. எரிபொருள் எரியும்போது வரும் புகையில் காபனோரொட்சைட்டு என்ற வாயு உண்டு. அதற்கு நிறமோ மணமோ இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கி நின்றால், இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். ஆகவே அந்தப் பம்பியை வாய்க்கால் ஓரத்தில் வேளாண்மை செய்யும் உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, நீருக்குள் இருந்து மேலே தள்ளும் மின்பம்பி ஒன்றை வாங்கினார்கள். கீழிருந்து தள்ளும் பம்பிக்குப் பத்து மீற்றர் எல்லை கிடையாது.

இரண்டு ஆங்கிலச் சொற்களும் ஒரு ஏவல் வாக்கியமும் அந்த வீட்டில் காசையும் மிச்சப்படுத்தின, ஒருவேளை ஓர் உயிரையும் காப்பாற்றின. 'ஐ ஆம் பைன்' இந்த வேலையைச் செய்திருக்காது.

இனி இலக்கணத்துக்கு வருவோம். தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் முதலில் இடறுவது வாக்கியத்தின் ஒழுங்கு. 'மனிதன் மாட்டைத் தள்ளினான்' என்றாலும் 'மாட்டை மனிதன் தள்ளினான்' என்றாலும் எமக்கு ஒரே பொருள்தான். 'ஐ' என்ற உருபு யார் தள்ளப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை. 'த மேன் புஷஸ் த புல்' என்பதை இடம் மாற்றி 'த புல் புஷஸ் த மேன்' என்றால் விழுந்து கிடப்பவன் மனிதன். இதைக் கரும்பலகையில் விதியாக எழுதிப் பாடமாக்கச் சொன்னால் பிள்ளை மறந்துவிடும். பௌதிகவியலில் விசையைக் காட்ட ஓர் அம்புக்குறி வரைகிறோம் அல்லவா? தள்ளுகிறவர் அம்பின் அடியில், தள்ளுதல் அம்பில், தள்ளப்படுவது அம்பின் நுனியில். ஆங்கில வாக்கியத்தின் ஒழுங்கும் அச்சொட்டாக இதுவே. மணலில் கம்பால் ஒரு அம்பைக் கீறி, மூன்று பிள்ளைகளை அதன் மேல் நிறுத்தி, ஆளுக்கொரு சொல் சொல்லச் செய்தால் அரை மணித்தியாலத்தில் இது பிடிபட்டுவிடும். செய்து பார்த்திருக்கிறோம். மாடாக நிற்கிற பிள்ளைக்குத்தான் குதூகலம் கூட.

மற்றொரு இடறல் காலத்தில் வருகிறது. 'தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும்' என்கிறோம். 'இரும்பு சூடானால் விரியும்' என்கிறோம். இயற்கையில் எப்போதும் நடப்பதைத் தமிழில் 'உம்' போட்டுச் சொல்வது எமது வழக்கம். பிள்ளை அதை எதிர்காலம் என்று எண்ணி 'வோட்டர் வில் புளோ' என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு நிகழ்காலம்தான் வரும்: 'வோட்டர் புளோஸ்'. எங்கள் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலத்தில் இந்தப் பிழையை நாம் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறோம். அன்றாட உரையாடலை வைத்துக் கற்பிக்கும்போது இது வெளிப்படுவதே இல்லை. இயற்கை விதிகளைச் சொல்லத் தொடங்கினால் முதல் நாளே வெளிப்பட்டுவிடும், அன்றே திருத்திவிடலாம்.

எமது பழைய இரும்புப் பாலம் இதற்கு நல்ல பாடம். ஒரு காலத்தில் புகையிரதமும் பஸ் வண்டியும் மாட்டுவண்டியும் அந்த ஒரே பாலத்தால் போய் வந்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நூறு மீற்றர் நீளமான இரும்பு, வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் ஏறத்தாழ பன்னிரண்டு மில்லிமீற்றர் நீளும். அதாவது ஒரு விரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த நீட்சிக்கு இடம் விடாமல் எந்தப் பொறியியலாளரும் இரும்புப் பாலம் கட்டமாட்டார். காலையிலும் நண்பகலிலும் பாலத்தின் பொருத்துகளைப் பார்த்துவிட்டு வந்து 'இப் அயன் இஸ் ஹீட்டட், இட் எக்ஸ்பான்ட்ஸ்' என்று எழுதும் பிள்ளை, 'இப்' வாக்கியத்தைப் பிறகு மறக்குமா?

தமிழ் எமக்குத் தடையாக நிற்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சில இடங்களில் தமிழ்தான் கைகொடுக்கிறது. உருள், உருட்டு; ஓடு, ஓட்டு; ஆடு, ஆட்டு; எழு, எழுப்பு. தானாக நடப்பதையும் பிறர் நடத்துவதையும் தமிழ் தனித்தனிச் சொல்லால் பிரித்துவைத்திருக்கிறது. தன்வினை, பிறவினை என்று தமிழ்ப் பாடத்தில் படிக்கிறோம். ஆங்கிலத்தில் பீப்பா உருண்டாலும் 'றோல்', நாம் உருட்டினாலும் 'றோல்'. ஆனால் ஒன்றிரண்டு சோடிகள் அங்கேயும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. சூரியன் எழுவது 'றைஸ்', பம்பி நீரை எழுப்புவது 'றெய்ஸ்'. ஆங்கிலத்தில் நன்கு தேறியவர்களும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். எழு, எழுப்பு என்று தெரிந்த எமது பிள்ளைக்கு இது குழப்பமே இல்லை. கிணற்றடியில் நின்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

அலவாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி நீளம் கூடக் கூட, கொடுக்கவேண்டிய பலம் குறையும். 'கூடக் கூட' என்று நாம் இரட்டித்துச் சொல்வதை ஆங்கிலம் 'த லோங்கர் த பார், த ஸ்மோலர் த போர்ஸ்' என்று வேறொரு விதமாக இரட்டித்துச் சொல்கிறது. ஒப்பீட்டுச் சொற்களைப் பட்டியலாகப் பாடமாக்குவதைவிட ஒரு கல்லை நெம்பிப் பார்ப்பது மேல். கடல்நீரில் மிதக்கும் தோணி, மாரிவெள்ளம் வந்து வாவி நன்னீரானதும் சற்று ஆழமாகத் தாழ்கிறது என்பதை மீனவர்கள் அறிவார்கள். ஒரு லீற்றர் நன்னீர் ஆயிரம் கிராம் என்றால் அதே அளவு கடல்நீர் ஏறத்தாழ ஆயிரத்து இருபத்தைந்து கிராம். 'ஹெவியர் தான்' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எதற்கு?

இனிப் பெற்றோர்கள் எழுப்பும் ஆட்சேபங்கள். ஒரு கூட்டத்தில் வயோதிபர் ஒருவர் எழுந்து, "ஆங்கிலமும் பாரம், பௌதிகமும் பாரம். ஒரு மாட்டில ரெண்டு கலப்பையப் பூட்டிற மாதிரியல்லவா இருக்கு, சேர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தெரியாத பௌதிகவியலைத் தெரியாத ஆங்கிலத்தில் கற்பித்தால் அவர் சொன்னதுதான் நடக்கும். அதைச் செய்யக்கூடாது என்பதில் நாமும் அவர் பக்கமே. முதலில் விடயம் தமிழில் விளங்கவேண்டும். விளங்கியதைத்தான் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லவேண்டும். பிள்ளை தனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஒரு மொழியைத் தேடும்போது அந்த மொழி வேகமாக வருகிறது.

மற்றொரு ஆட்சேபம் உரக்கச் சொல்லப்படாதது. ஆங்கிலம் படித்த பிள்ளை வட்டைக்குத் திரும்பாது, வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ போய்விடும் என்ற பயம். இந்தப் பயத்துக்கு நாம் முழுமையான மறுமொழி வைத்திருக்கவில்லை. சில பிள்ளைகள் போகத்தான் போகின்றன. ஆங்கிலம் தெரியாமலும் பல பிள்ளைகள் மத்திய கிழக்குக்குப் போயிருக்கின்றன, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே.

இந்த முயற்சி புதிதுமல்ல. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் இயற்கை விஞ்ஞானமும் வானசாத்திரமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. ஆங்கிலமா தமிழா என்ற வாக்குவாதம் அங்கேயே தொடங்கிவிட்டது. 1855இல் செமினரி மூடப்பட்டது. அதன் மாணாக்கரான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆனார்கள். அந்தத் தாமோதரம்பிள்ளைதான் பின்னர் ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் முதலில் ஆங்கிலத்தில் கற்பித்துவிட்டுப் பிறகு தமிழுக்கு மாறினார். 'கெமிஸ்தம்' என்ற பெயரில் இரசாயன நூலே தமிழில் வந்தது.

எமது பக்கத்து உதாரணம் இதைவிட நெருக்கமானது. 1892இல் காரைதீவில் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கற்ற விபுலாநந்த அடிகளார் தமிழ்ப் பேராசிரியராகத்தான் பலருக்கும் தெரியும். அவர் விஞ்ஞான ஆசிரியர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் மீடிறன் இரட்டிக்கும் என்ற பௌதிக விதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பழைய யாழைத் தேடிப் போனார். 1947இல் வெளிவந்த யாழ்நூல் அந்தத் தேடலின் விளைவு. சென்னையில் 1930களில் தமிழ்க் கலைச்சொல் ஆக்கும் பணியிலும் அவர் முன்னின்றார். ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழில் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். நாம் மறுபக்கமாக நடக்கச் சொல்கிறோம். பாதை ஒன்றுதான்.

கலைச்சொல் பற்றிப் பேசும்போது ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். போர்க்காலத்தில் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருந்து, அங்கே படித்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் பலர். அங்கே 'நிறை' என்றால் ஆங்கிலத்தில் 'மாஸ்', 'எடை' என்றால் 'வெயிட்'. இங்கே எமது பாடப்புத்தகத்தில் 'நிறை' என்றால் 'வெயிட்', 'மாஸ்' என்பது 'திணிவு'. அங்கே 'வேகம்' என்பது 'ஸ்பீட்', இங்கே 'வேகம்' என்பது 'வெலோசிற்றி', 'ஸ்பீட்' என்பதற்கு நாம் 'கதி' என்கிறோம். அங்கே 'அழுத்தம்', இங்கே 'அமுக்கம்'. அங்கே 'ஆற்றல்', இங்கே 'சக்தி'. சரியான விடையை எழுதிவிட்டுப் புள்ளியை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு கரைத் தமிழும் சண்டை பிடிக்கும்போது ஆங்கிலச் சொல்தான் நடுவராக நின்று தீர்ப்புச் சொல்கிறது. இது கொஞ்சம் வெட்கமான நிலைமைதான். ஆனாலும் பிள்ளைக்கு அந்த நடுவரைத் தெரிந்திருப்பது நல்லது.

'வேலை' என்ற சொல்லால் எமது வகுப்பில் ஒரு சிரிப்பு உண்டாயிற்று. பௌதிகவியலில் வேலை என்றால் விசை ஒரு பொருளைத் தன் திசையில் நகர்த்தவேண்டும். நகராவிட்டால் வேலை இல்லை. பிள்ளையுடன் வந்து பின்னால் இருந்த தாய் ஒருவர், "அப்ப நாங்க தண்ணிக் குடத்தத் தலையில வச்சிக்கிட்டு நிவாரண வரிசையில காலையில இருந்து பின்னேரம் மட்டும் நிண்டமே, அது வேலை இல்லையா?" என்று கேட்டார். குடத்தின் மேல் வேலை இல்லை என்றோம். "இத எழுதினவர் வரிசையில நிண்டதில்லப் போல" என்றார். அவர் களைத்ததும் பொய்யல்ல. ஒரு பாரத்தை அசையாமல் தாங்கும்போதும் தசைநார்கள் சுருங்கியும் தளர்ந்தும் சக்தியைச் செலவழிக்கின்றன. அந்தச் சக்தி வெப்பமாகப் போய்விடுகிறது. 'வேர்க்', 'எனேர்ஜி', 'பவர்', 'போர்ஸ்' என்ற நான்கையும் வீதியில் பேசும் ஆங்கிலம் ஒன்றுக்கொன்று மாற்றிப் பேசும். பௌதிகவியல் மாற்றவிடாது. பத்து லீற்றர் வாளியை ஆறு மீற்றர் ஆழத்திலிருந்து தூக்க ஏறத்தாழ 600 யூல் வேலை. நூறு வாளிக்கு 60,000 யூல். ஒரு குதிரைவலு என்பது செக்கனுக்கு 746 யூல். கொடுத்த சக்தியில் பாதி வீணாகிறது என்று வைத்தாலும் ஒரு குதிரைவலுப் பம்பி அந்த நூறு வாளியை மூன்று நிமிடத்துக்குள் இறைத்துவிடும். கணக்கைக் கேட்ட அந்தத் தாய் சிறிது நேரம் பேசவில்லை. இருபது வருடமாக அவர் கையால் இறைத்தவர்.

கடைசியாக ஒரு சொல்லிடம் வருகிறோம். அது எம் எல்லோர் மேலும் ஒட்டப்பட்ட சொல்.

பாடப்புத்தகத்தில் 'தூரம்' வேறு, 'இடப்பெயர்ச்சி' வேறு. ஓட்டமாவடியிலிருந்து மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பி வந்தால் நடந்த தூரம் அறுபது கிலோமீற்றருக்கு மேல். இடப்பெயர்ச்சி பூச்சியம். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டீர்கள் அல்லவா? ஆங்கிலத்தில் இதன் பெயர் 'டிஸ்பிளேஸ்மென்ட்'. இதைச் சொல்லிக்கொடுத்த அன்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சேர், எங்கட வீட்டாக்கள் தொண்ணூறில வெளிக்கிட்டு நாலு முகாம் மாறித் திரும்பி வந்த. அப்ப எங்களுக்கும் பூச்சியமா?" புத்தகத்தின்படி ஆம் என்று சொல்ல வேண்டியிருந்தது. திரும்பிய பின் எத்தனையோ திட்ட அறிக்கைகளில் எமது குடும்பங்களுக்கு நேர்ந்ததும் இதுதான். மீளக் குடியேறியாயிற்று, கணக்கு முடிந்தது. இடையில் போன தூரத்தை எழுத அந்தப் படிவங்களில் கட்டம் இல்லை. போன வருடங்கள், போன மாடுகள், பாதியில் நின்ற படிப்பு எல்லாம் தூரத்தில்தான் சேரும்.

இதே சொல் மிதக்கும் தோணியிடமும் வருகிறது. தோணி தன் நிறைக்குச் சமமான நிறையுள்ள நீரை விலக்குகிறது. ஆங்கிலத்தில் நீர் 'இஸ் டிஸ்பிளேஸ்ட்'. செயப்பாட்டு வினை. செயப்பாட்டு வினையில் செய்தவர் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடலாம், வாக்கியம் நிறைவாகவே இருக்கும். ஆனால் பௌதிகவியல் ஆசிரியர் விடமாட்டார். 'பை' என்ற சொல்லைப் போட்டு, எதனால் என்று எழுது என்பார். விசை இல்லாமல் ஒரு பொருள் தன் இடத்தை விட்டு அசையாது. தமிழிலோ எங்களை 'இடம்பெயர்ந்தோர்' என்கிறார்கள். அது தன்வினை. நாமாகவே பெட்டி கட்டிப் புறப்பட்டதுபோல இருக்கிறது. 'இடம்பெயர்க்கப்பட்டோர்' என்று எழுதியவர்கள் குறைவு. உள்ளக இடப்பெயர்வு பற்றி ஐக்கிய நாடுகள் 1998இல் வெளியிட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளின் ஆங்கிலத்தில், இவ்வாறானவர்கள் யார் என்று சொல்லும் இடத்தில் 'போர்ஸ்ட்' என்ற சொல் இருக்கிறது. எமது பிள்ளைகள் துலாவடியில் படித்த அதே 'போர்ஸ்' தான். தமிழராயினும் முஸ்லிம்களாயினும் இந்த வாவிக்கரையில் அந்த விசையை அறியாத கிராமம் குறைவு. ஒருவரை ஒருவர் தள்ளிய கதைகளும் அதற்குள் உண்டு. அதை எழுதும்போதும் 'பை' போட்டு எழுதப் பழகவேண்டும்.

காணி, நட்டஈடு, கடன் பற்றிய எத்தனையோ கடிதங்கள் கடைசியில் ஆங்கிலத்தில்தான் ஒரு மேசையிலிருந்து மற்ற மேசைக்குப் போகின்றன. 1987இன் பின் எமது அரசியலமைப்பில் ஆங்கிலம் இணைப்பு மொழி. எமது சொந்தக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கப் போகும் பிள்ளைக்கும் பாடம் ஆங்கிலத்தில்தான். வந்தாறுமூலையில் உள்ள அதே வளாகம் 1990இல் எமது மக்கள் ஒதுங்கிய முகாமாக இருந்தது. அங்கே பாயில் படுத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதன் விரிவுரை மண்டபத்தில் இருக்கிறார்கள். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு முதல் வருடத்தில் சொற்களோடு மல்லுக்கட்டி, விடயம் தெரிந்தும் எழுதத் தெரியாமல் தவிக்கும் பிள்ளைகளை நாம் சந்தித்திருக்கிறோம். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சில பாடங்களைப் பாடசாலையிலேயே ஆங்கிலத்தில் கற்க அரசு வழிவிட்டது. ஆசிரியர் இருந்த பாடசாலைகள் அதைப் பயன்படுத்திக்கொண்டன. எமது உட்கிராமங்களில் ஆங்கில ஆசிரியரும் இல்லை, விஞ்ஞான ஆசிரியரும் இல்லை. இருவரும் வரும்வரை காத்திருப்பதானால் இன்னொரு தலைமுறை போய்விடும்.

ஆகவே கிராம சங்கங்கள், மாதர் சங்கங்கள், பள்ளிவாசல், கோவில், ஆலய இளைஞர் குழுக்கள் எதுவானாலும் சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கும்படி கேட்கிறோம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துவிட்டுப் பெறுபேறுக்காகவோ பல்கலைக்கழக அனுமதிக்காகவோ வீட்டில் காத்திருக்கும் அக்காமார், அண்ணன்மார் உங்கள் கிராமத்திலும் இருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள். ஒரு வாளி, ஒரு கப்பி, பத்து மீற்றர் கயிறு, ஒரு அலவாங்கு, அளவுநாடா, தரம் எட்டு விஞ்ஞானப் புத்தகத்தின் தமிழ்ப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் போதும். ஒரு தடவைக்கு ஒரு பொருள், ஆறு ஏழு வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். வாக்கியங்களைப் பிள்ளைகள் தாமே சொல்லி, தாமே எழுதவேண்டும். பிழை விட்டால் சிரிக்கக்கூடாது. முக்கியமாகப் பெரியவர்கள் சிரிக்கக்கூடாது.

வரும்போது வீட்டில் உள்ள பம்பித் தகட்டில் இருப்பதை ஒரு தாளில் எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கிருமிநாசினிப் போத்தலின் சுட்டியையும் அவ்வாறே. போத்தலை மட்டும் கொண்டுவர வேண்டாம்.